‘சாத்து’வின் வால்

1

வருகிற சனிக்கிழமையோடு நான் ஜெர்மனிக்கு வந்து நாலு வருஷம். நாலு வருஷத்தில் என்னத்தைக் கிழித்தாய் என்று ஊரிலிருந்து யாராவது கேட்டால், கதவைச் சாத்துவதற்கு முன்னால் சாவி கையில் இருக்கிறதா என்று பார்க்கக் கற்றுக்கொண்டேன் என்பேன். இங்கே வீட்டுக் கதவுக்கு வெளிப்பக்கம் திருகுகிற பிடியே கிடையாது. சாத்தினால் தானே பூட்டிக்கொள்ளும். குப்பை கொட்டப் போனவள் திரும்பி வந்து தன் வீட்டு வாசலிலேயே திருடி மாதிரி நிற்க வேண்டியதுதான்.

என் பெயர் எஸ்தர். கருங்குழிப் பக்கத்துக் காலனிக்காரி. இங்கே ஒரு பல்கலைக்கழகத்தில் இலக்கியத்தில் டாக்டர் பட்டத்துக்குப் படிக்கிறேன். எங்கள் பக்கத்துக் கூலிக்காரப் பெண்கள் அடிதடிக் கதைகளை எப்படிச் சொல்கிறார்கள், எந்த இடத்தில் நிறுத்துகிறார்கள், எந்தச் சொல்லை விழுங்குகிறார்கள் என்பதுதான் என் ஆராய்ச்சி. இதற்கு ஸ்காலர்ஷிப் என்றதும் என் பெரியப்பா மகன் விழுந்து விழுந்து சிரித்தான். “அடி வாங்குனவனுக்கு டப்பு இல்ல, அத்த எழுதுறவளுக்கு டப்பா?” என்றான். 

ஒவ்வொரு புதன்கிழமை மதியமும் ஆராய்ச்சி மாணவர்கள் எட்டுப் பேர் ஒரு நீள மேஜையைச் சுற்றி உட்காருவோம். வாரம் ஒருவர் தன் அரைவேக்காட்டு அத்தியாயத்தை மற்றவர்களுக்கு முன்கூட்டியே அனுப்பியிருக்க வேண்டும். எல்லாரும் படித்துவிட்டு வந்து பேசுவார்கள். விதி ஒன்றே ஒன்று. முதல் அரைமணி நேரம் எழுதினவர் வாயைத் திறக்கக் கூடாது. நீ அங்கே இல்லாதது மாதிரி வைத்துக்கொண்டு உன் எழுத்தை அறுத்துப் பார்ப்பார்கள். நீ தலையைக் குனிந்து குறிப்பெடுக்க வேண்டும்.

எனக்குக் கோபம் சீக்கிரம் வரும், இப்போதே சொல்லிவிடுகிறேன். அரைமணி நேரம் வாயை மூடிக்கொண்டு இருப்பது என் சுபாவத்துக்கு ஒத்தே வராத காரியம்.

2

நான் அனுப்பிய அத்தியாயம் என்ன என்று தெரிந்தால்தான் மற்றது விளங்கும்.

என் அண்ணன் சாமுவேலுக்கு அப்போது இருபத்திரண்டு வயசு. சிறுசேரி கம்பெனிகளுக்கு ஆள் ஏற்றிப்போகும் கேப் ஓட்டினான். எனக்குப் பதின்மூன்று. எங்கள் காலனிக்கு ஊர்த்தெரு வழியாகத்தான் குறுக்குவழி. அந்தத் தெருவில் காலனி ஆள் சைக்கிளில் வந்தால் இறங்கித் தள்ளிக்கொண்டு போக வேண்டும். அது எங்கும் எழுதி ஒட்டியிருக்காது. மீறினவன் முதுகில்தான் எழுதுவார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் அண்ணன் கேப்பை அந்தத் தெருவில் ஓட்டி வந்தான். இறங்கவில்லை. காரை எப்படி இறங்கித் தள்ளுவான்?

அரைமணிக்குள் ஏழு பேர் வந்தார்கள். மண்வெட்டிக் காம்பு, சைக்கிள் செயின், அப்புறம் அவன் கார் டிக்கியிலிருந்தே எடுத்த ஜாக்கி ராடு. எங்கள் வீட்டு வாசலில் வைத்து அடித்தார்கள். வலது கையைப் படிக்கல்லின் மேல் நீட்டி வைத்து, ஒருவன் முழங்கையில் ஏறி நின்றுகொள்ள, இன்னொருவன் ராடால் மணிக்கட்டை இடித்தான். ஸ்டியரிங் பிடித்த கை என்று எண்ணி எண்ணி இடித்தார்கள். கதவில் மூன்று தடவை என்னமோ மோதியது. அவன் தலை என்று அப்புறம் தெரிந்தது. கார் கண்ணாடி ஒன்றுகூட மிச்சமில்லை.

நானும் அம்மாவும் வீட்டுக்குள் இருந்தோம். அம்மா என்னை அரிசி டிரம்முக்குப் பின்னால் திணித்து, மேலே பாய் தலையணைகளைப் போட்டு, என் இரண்டு காதையும் தன் இரண்டு கையால் பொத்திக்கொண்டாள். எனக்கு இடிச் சத்தம் மட்டும்தான் கேட்டது, ஆள் குரல் கேட்கவில்லை. கதவு எப்போது சாத்தியது என்பதே எனக்கு நினைவில் இல்லை. ‘வெளியே நாதாங்கி போட்டுச் சாத்திட்டானுங்க, எங்களால வெளிய வரவே முடியல’ என்று அம்மா போலீசிடமும் சொந்தக்காரர்களிடமும் சொன்னாள். பதினேழு வருஷமாக அதையே சொன்னாள். அவள் சொல்லும்போதெல்லாம் அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து பேசாமல் சாப்பிடுவான். கேஸ் ராஜியாகிப் போனது. அந்தக் கையில் நாலு விரல் இன்றுவரை மடங்காது.

என் அத்தியாயம் இந்தக் கதவின் மேல்தான் நின்றது. அடிப்பவர்கள் பெண்களை உள்ளே வைத்துச் சாத்துகிறார்கள், காதால் மட்டும் கேட்க வைக்கிறார்கள், ஆகவே எங்கள் பெண்கள் சொல்லும் கதைகளில் பார்த்தது இருக்காது, கேட்டதுதான் இருக்கும் என்று இருபத்தாறு பக்கம் எழுதியிருந்தேன். நல்ல அத்தியாயம் என்று பேராசிரியரே சொன்னார். விசா நீட்டிப்புக்கு அவர் தர வேண்டிய கடிதமும் இந்த அத்தியாயம் புதன்கிழமைக் கூட்டத்தைத் தாண்டினால்தான் வரும்.

3

அம்மாவைப் பேச வைத்துப் பதிவு செய்ய இங்கிருந்து ஒன்பது பக்கப் படிவம் கொண்டுபோனேன். வெள்ளைக்காரன் எதற்கும் படிவம் வைத்திருப்பான். ‘இந்த உரையாடல் பங்கேற்பவருக்கு மன உளைச்சல் தருமா?’ என்று ஒரு கேள்வி. ஆமாம் என்று போட்டால் இன்னும் ஆறு பக்கம் நிரப்ப வேண்டும். நான் இல்லை என்று டிக் அடித்தேன். ‘எழுத்தாக்கியதை அவருக்குப் படித்துக் காட்டிச் சரிபார்த்தீர்களா?’ என்று இன்னொன்று. அதற்கு ஆமாம் என்று அடித்தேன். அதுவும் பொய்தான்.

பெயரை மாற்றியாக வேண்டும் என்பது சட்டம். அதனால் அம்மா ‘பங்கேற்பாளர் மூன்று’ ஆனாள். அது என் அம்மா, அடிபட்டவன் என் அண்ணன், டிரம்முக்குப் பின்னால் இருந்தவள் நான் என்பது பேராசிரியரைத் தவிர யாருக்கும் தெரியாது.

பதிவில் முக்கியமான இடம் இது: “வெளிய அவன சாத்துறானுங்க. உள்ள பொண்ணு நிக்கிறா. கதவ சாத்து…” அந்த இடத்தில் ஜி.எஸ்.டி. ரோட்டில் போன ஒரு லாரி ஹாரன் அடித்துத் தொலைத்தது. சொல்லின் வால் அதில் மாட்டிக்கொண்டது. எங்கள் பக்கத்தில் ஹாரனே வேண்டாம், நாங்களே வாலை வெட்டிவிடுவோம். ‘வந்தேன்’ ‘வந்தே’ ஆகும், ‘வந்தாங்க’ ‘வந்தாங்’ ஆகும். கேட்காத எழுத்தைப் பகர அடைப்புக்குறிக்குள் போட வேண்டும் என்பது எழுத்தாக்கும் முறை. நான் ‘சாத்து[னானுங்க]’ என்று போட்டேன். யோசிக்கவே இல்லை. பதினேழு வருஷமாகக் கேட்ட கதை அல்லவா, கை தானாகவே எழுதிவிட்டது.

4

அந்தப் புதன்கிழமை முதலில் பேசினவன் விக்னேஷ். எங்கள் எட்டுப் பேரில் இன்னொரு தமிழன். படூரில் அபார்ட்மென்ட் வீடு, அப்பா அம்மா இருவரும் அணு ஆராய்ச்சி அலுவலகத்தில் வேலை பார்த்தவர்கள். நல்ல பையன்தான். நான் கருங்குழி என்றபோது, “ஓ, பாண்டிச்சேரி… இல்ல, திருச்சி போறப்ப பைபாஸ்ல காபி குடிக்க நிறுத்துவோமே, அந்தப் பக்கமா அக்கா?” என்று கேட்டவன்.

அவன் இங்கிலீஷில் அழகாக ஆரம்பித்தான். மொழிபெயர்ப்பு அவசரப்பட்டுவிட்டதாம். ‘சாத்து’ என்றால் கதவை மூடுவது மட்டுமில்லை, சாமிக்கு மாலை சாத்துவதும் உண்டு, சந்தனம் சாத்துவதும் உண்டு. இந்தப் பெண் ‘அவன சாத்துறானுங்க’ என்று சொல்லும்போது அடிபடுகிறவனைக் கடவுளாக்கி அவனுக்கு மாலை சூட்டுகிறாளாம். அடியே அலங்காரமாகிறதாம். மேஜையைச் சுற்றி எல்லாரும் ‘ஆகா’ என்று எழுதிக்கொண்டார்கள்.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அடப்பாவி, ‘அவனுக்கு’ என்றால்தானே மாலை? ‘அவனை’ என்றால் உதை. இரண்டாம் வேற்றுமைக்கும் நாலாம் வேற்றுமைக்கும் வித்தியாசம் தெரியாதவனுக்கு ஒரு டாக்டர் பட்டம் கேடா! ஜாக்கி ராடா மாலை? பேனாவை அழுத்திய அழுத்தில் தாள் கிழிந்தது. ஆனால் விதி விதிதான். வாயைத் திறக்கவில்லை.

அப்போது கார்லா கையைத் தூக்கினாள். சிலி நாட்டுக்காரி, இரண்டு வருஷமாகத் தமிழ் எழுத்துக்கூட்டிப் படிக்கிறாள். “எனக்கு மாலை பற்றித் தெரியாது,” என்றாள். “மூன்றாவது வாக்கியத்தில் ஒரு அடைப்புக்குறி இருக்கிறது. அங்கே ஒலி இல்லை. ‘அவர்கள்’ என்பதை எஸ்தர்தான் வைத்திருக்கிறாள். இந்தக் கதவை யார் சாத்தியது?”

அதற்குப் பதில் நான் சொல்லக் கூடாது. அரைமணி முடிந்து, “இப்போது எஸ்தர் பேசலாம்” என்றபோது, பார்த்துச் சொல்கிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்தேன்.

நடைவழியில் விக்னேஷ் சிரித்துக்கொண்டே வந்தான். “அக்கா, மாலை பாயிண்ட் நல்லா இருந்துச்சுல்ல?” என்றான். அவன் காலரைப் பிடித்து இழுத்துச் சுவரோடு வைத்து அழுத்திவிட்டேன். கழுத்தில் தொங்கிய அடையாள அட்டைக் கயிறு அறுந்து விழுந்தது.

“இப்ப உன்ன சாத்துறேன் பாரு. மாலையா உதையான்னு நீயே சொல்லு!”

“அக்கா, விடுங்க அக்கா! என்ன ஆச்சு?”

“அது என் அண்ணன்டா. அடி வாங்குனவன் என் கூடப் பொறந்தவன்.”

அவன் முகம் வெளுத்துவிட்டது. “சொல்லியிருக்கலாமே அக்கா,” என்றான்.

“எப்பிடிடா சொல்றது? வாயத் தொறக்கக் கூடாதுன்னுதானே விதி.”

கீழே கிடந்த அட்டையைப் பொறுக்கிக் கொடுத்தேன்.  அவன் யாரிடமும் புகார் செய்யவில்லை. செய்திருந்தால் நான் இப்போது பெட்டி கட்டிக்கொண்டிருப்பேன்.

5

அன்று மாலை மகளைப் பள்ளியிலிருந்து கூட்டிவந்தேன். ரூத்துக்கு ஆறு வயசு. என்னோடு ஜெர்மனில்தான் பேசுவாள். தமிழ் என்றால் அவளுக்கு வீடியோ காலில் என் அம்மா பேசுகிற தமிழ் மட்டும்தான். ‘இன்னா’, ‘கீது’ எல்லாம் சரளமாக வரும், ‘ழ’ மட்டும் வராது. வழியில் என்னமோ நச்சரித்தாள், நான் நாய் மாதிரி குரைத்தேன். வீட்டுக்கு வந்ததும் குப்பைப் பையை எடுத்து வெளியே வைத்துவிட்டுத் திரும்புகிறேன், கதவு டப்பென்று சாத்திக்கொண்டது. சாவி உள்ளே. என் வீட்டுக்காரருக்கு மாலை ஷிப்ட்.

தட்டினேன். திறக்கவில்லை. “ரூத், தொறடி!” என்றேன். உள்ளே ஓடுகிற காலடிச் சத்தம் தூரமாகப் போனது. அதற்கு மேல் நான் என் வசத்தில் இல்லை. இரண்டு முஷ்டியாலும் கதவை இடித்தேன், காலால் உதைத்தேன், “தொற, தொறடி, தோலை உரிச்சிடுவேன்” என்று அலறினேன். எதிர்வீட்டுக் கிழவர் எட்டிப்பார்த்தார். என் குழந்தை என்னை வெளியே விட்டுப் பூட்டிவிட்டது என்று சொல்ல வந்தேன். ஜெர்மனில் வினை குழறி, ‘என் குழந்தையை மூடிவிட்டேன்’ என்று வந்துவிட்டது. அவர் என் முகத்தையும் கதவையும் பார்த்துவிட்டுப் போலீசைக் கூப்பிடட்டுமா என்று கேட்டார். கேட்கத்தானே செய்வார். வேண்டாம் என்று கையெடுத்துக் கும்பிட்டேன்.

கால்மணி கழித்து, நான் படிக்கட்டில் உட்கார்ந்து சத்தமில்லாமல் அழுதுகொண்டிருந்தபோது, கதவு திறந்தது. ரூத் கன்னமெல்லாம் மூக்குச்சளியோடு நின்றாள். அவளுக்கும் பயம் வந்தால் தமிழ்தான் போலிருக்கிறது.

“நீ கத்துன. எனுக்கு பயம்மா இருந்துச்சு. அதான் சாத்துனே.”

சாத்துனே. கடைசி ‘ன்’ மூக்கோடு நின்றுவிட்டது. அச்சு அசல் என் அம்மாவின் வாய்.

அவளைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு ஹெட்போனை மாட்டினேன். பதிவை அந்த இடத்துக்குக் கொண்டுபோய், வேகத்தைப் பாதியாகக் குறைத்துக் கேட்டேன். லாரி ஹாரன் மாடு கத்துகிற மாதிரி இழுத்தது. அது ஓய்கிற இடத்தில் மூக்கோடு ஒரு சின்ன ஒலி மிச்சம் இருந்தது. ‘னானுங்க’ இல்லை. பத்துத் தடவை கேட்டேன். ‘னே’தான்.

6

மறுநாள் காலை அண்ணனுக்குப் போன் செய்தேன். அவன் இப்போது மாமல்லபுரத்தில் ஒரு பார்க்கிங்கில் டோக்கன் கிழிக்கிறான். டோக்கன் கட்டை வலது அக்குளில் இடுக்கிக்கொண்டு இடது கையால் கிழிப்பான். கார் ஓட்டினதற்காக அடிபட்டவன், மற்றவன் காருக்கெல்லாம் வழி காட்டுகிறான்.

“இன்னா எஸ்தரு, இந்நேரத்துல? கொயந்த நல்லாகீதா?”

“நல்லாகீறா. உன்னாண்ட ஒண்ணு கேக்கணும்.”

“கேளு. ஏ அண்ணாத்த, ரிவர்ஸ் வா… வா வா… ரைட்ல ஒடி… போதும் போதும்! சொல்லு.”

“அன்னிக்கு நம்ம வூட்டுக் கதவ யாரு சாத்துனது?”

அவன் ஒரு டோக்கனைக் கிழிக்கிற சத்தம் கேட்டது.

“இன்னாத்துக்கு இப்ப அது? அவனுங்கதான். அம்மாதான் சொல்லிகினே கீதே.”

“பொய் சொல்லாதண்ணா. நான் பதிவக் கேட்டேன்.”

யாரோ ஹாரன் அடித்தார்கள். இரு என்று அவர்களிடம் கத்திவிட்டு வந்தான்.

“நம்ம வூட்டு நாதாங்கி சத்தம் எனக்குத் தெரியாதா? பொறந்ததுலேர்ந்து கேட்டுகினு கீறேன். உள்ளதான் உழுந்துச்சு. அப்பவே தெரியும்.”

“தெரிஞ்சுமா பதினேழு வருசமா அது கையால சாப்புடுற?”

“வேற யாரு கையால சாப்புடுறது?”

 அவனே பேசினான்.

“தோ பாரு எஸ்தரு. நான்தான் சாத்த சொன்னேன்னு எழுதிக்கோ. ‘கதவ சாத்துமா’ன்னு நான் கத்துனேன், அது சாத்துச்சு. அவ்ளோதான்.”

“நெசமாவாண்ணா?”

“எழுதிக்கோன்னா எழுதிக்கோயேன். பேஜாரு பண்ணாத. வண்டி நிக்கிது.” வைத்துவிட்டான்.

7

அத்தியாயத்தைத் திருப்பி எழுதி நேற்று மற்ற ஏழு பேருக்கும் அனுப்பிவிட்டேன். அடைப்புக்குறியை எடுத்துவிட்டேன். பழைய இருபத்தாறு பக்கத்தில் பதினெட்டு குப்பைக்குப் போயிற்று. மன உளைச்சல் கேள்விக்கு ஆமாம் என்று மாற்றி, அந்த ஆறு பக்கத்தையும் நிரப்பினேன். விசாக் கடிதம் வந்தால் வரட்டும். அடுத்த புதன்கிழமையும் அரைமணி நேரம் வாயை மூடிக்கொண்டு உட்கார வேண்டும். அந்தக் கதவைப் பற்றிக் கடைசியில் என்ன எழுதினேன் என்பதற்கு, அண்ணனுக்குப் பிறகு அம்மாவோடு பேசியதைச் சொல்ல வேண்டும்.

அம்மா அரிசி டிரம்மின் மேல் போனைச் சாய்த்து வைத்துவிட்டு மீன் செதில் சீவிக்கொண்டிருந்தாள். செதில் தெறித்துத் திரையில் ஒட்டியது. பதிவில் கேட்டதைச் சொன்னேன். அவள் நிமிரவில்லை.

“மனசு கஷ்டமாவுமான்னு பேப்பர்ல கேட்டுருந்தான். நீயே இல்லன்னு அடிச்சிட்ட,” என்றாள்.

“தப்புதாம்மா.”

“ஒருத்தன் கத்துனான்டி. ‘இவன் தங்கச்சி உள்ளகீறா, இஸ்துகினு வாங்கடா’ன்னான். நீ நடுவூட்டுல நின்னுகினு கீற. எனக்கு ரெண்டு புள்ள. ஒண்ணு வெளிய, ஒண்ணு உள்ள. உள்ளகீறத வச்சு சாத்துனேன்.”

பதினேழு வருஷமாக அந்தக் கதவை அவர்கள் எனக்கு எதிராகச் சாத்தினார்கள் என்று நினைத்திருந்தேன். எனக்காகச் சாத்தியது என்று இப்போது தெரிகிறது. என் வலது கையின் நாலு விரலையும் மடக்கி மடக்கிப் பார்த்தேன். பிறகு அண்ணன் சொன்னதைச் சொன்னேன்.

“அவன்தான் சாத்தச் சொன்னானாம்மா. அப்பிடியே எழுதிக்கோங்கிறான்.”

கத்தி நின்றது. அம்மா முதல் தடவையாகப் போனைப் பார்த்தாள்.

“அப்பிடியா சொன்னான்?” புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். “பொய்யி. எனக்கோசரம் சொல்றான். அவன் ‘தொறமா’ன்னான்டி. ‘தொறமா’, ‘தொறமா’ன்னு ரெண்டு தபா. அப்பால வாயில ஒதச்சானுங்க, பேச்சே வர்ல. நான் கேட்டுகினேதான் உன் காத பொத்துனேன்.”

மீனைத் திருப்பிப் போட்டு மறுபக்கம் சீவ ஆரம்பித்தாள்.

“எழுதறதுன்னா அத்த எழுது. ரெண்டு தபான்னு எழுது. ஒரு தபான்னு கொறச்சிடாத.”